அறுகம்பேயில் கழற்றிய நீச்சல் பூல் பாண்டிருப்பில் நிற்குமா?

2025 மார்ச் 9 (கல்முனைப் பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அறுகம்பேயில ஒரு கெஸ்ட் ஹவுஸ் மூடுறாங்க. நிலத்துக்கு மேல வைக்கிற பூல் ஒண்டு விக்கிறாங்க. 15 அடி வட்டம், 4 அடி உயரம், இரும்புக் கால் வச்சது, மூணு வருசம் பாவிச்சதாம். ஓகஸ்ட்ல அண்ணன் குடும்பம் லண்டன்ல இருந்து வருது, மூணு சின்னப் பிள்ளைகள். காலையில கழட்டினா பின்னேரம் உங்கட வளவுல குளிக்கலாம், பட்டா லொறி (சின்ன லொறி) ஒண்டு பிடிச்சா காணும் என்கிறார் விக்கிறவர். ஆராவது செய்து பாத்தீங்களா?

2025 மார்ச் 9, இரவு

பின்னேரம் குளிக்கலாம்தான். எந்த மாதத்துப் பின்னேரம் என்று அவர் சொல்லவில்லை.

பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதி கழித்துவிட்ட பூலை வாங்கிக் களுவாஞ்சிகுடியில் என் வளவில் போட்டிருக்கிறேன். நீங்கள் சொல்கிற அதே அளவு. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. அந்த அளவுப் பூலை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் நிரப்பினால் ஏறக்குறைய 16,800 லீட்டர் பிடிக்கும். அதாவது பதினேழு தொன். அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு தொன் உட்கார்ந்திருக்கும். சாமானோ எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்குள். பட்டாவில் ஏற்றுவது நூறு கிலோ, வளவில் நிற்கப்போவது பதினேழு தொன். விற்பவர் நூறு கிலோவைப் பற்றித்தான் பேசுகிறார். மற்றதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்: எந்த நிலத்தில், எங்கேயிருந்து வரும் தண்ணியில்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஒரு மாத விருந்துக்கு இது பெரிய வேலை. இருந்தாலும் பார்க்கப் போகாமல் விடமாட்டீர்கள், தெரியும்.

2025 மார்ச் 10

ஒன்று விட்டுப்போயிற்று. பம்பில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஆராவது கொண்டுவந்த 110 வோல்ட் பம்ப் என்றால் நம்ம கரண்டில் போட்ட உடனே புகைதான்.

தண்ணி வெளியேற்றும் மூடியில் பூட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் கேட்டு வாங்குங்கள். தோட்டக் குழாயை அதில்தான் மாட்டுவது. எல்லாரும் முதலில் தொலைப்பது அதைத்தான்.

2025 மார்ச் 15

தம்பி போய்ப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். படத்தைப் பார்த்த பிறகு என் பேச்சைக் கொஞ்சம் மாற்றுகிறேன். பூலின் இரும்புச் சட்டம் நல்ல சட்டம். கடற்கரையில் மூன்று வருடம் நின்ற இரும்புக்கு அது பெரிய விசயம்.

துரு முதலில் பிடிப்பது குழாயின் நடுவில் அல்ல. மேல் வளையத்துக் குழாயும் காலும் சேருகிற டி மூட்டுக்குள்ளே. வெளியில் வெள்ளைப் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே உப்புக் காற்றும் தண்ணியும் நின்று அரித்திருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால், மூட்டைப் பூட்டுகிற ஊசிகளின் துளைகளைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்த மூட்டைக் கழித்து விலை பேசுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் அப்படி இருந்தால் வேண்டாம், திரும்பி வாருங்கள்.

காலின் அடியில் ரப்பர் மூடிகள் இருக்கின்றனவா? காலைச் சுற்றி இடுப்பளவில் கட்டுகிற பட்டி அறுந்திருக்கிறதா? மூடி தொலைந்தால் கடையில் பார்க்கலாம். பட்டி இல்லாமல் நிரப்பவே கூடாது.

தண்ணி பிடிக்கிற விரிப்பில் சுவர்ப் பக்கம் கெட்டி. பிவிசிக்கு நடுவில் வலை வைத்துச் செய்தது. அடிப்பக்கம் மெல்லிய தாள். பழைய பூலில் சுவர் தப்பும், அடி தப்பாது. ஓட்டையே இல்லை என்று விற்பவர் சத்தியம் செய்தால் அவருக்கு ஓட்டை தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பம்புக்கு விலை கொடுக்க வேண்டாம். சும்மா தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் புதிசின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நான் எழும்பி வந்துவிடுவேன்.

2025 மார்ச் 23

வாங்கிவிட்டாராம். சரி, இனிக் கழற்றுவது.

தண்ணியை இறைக்க ஒரு அங்குல மோட்டார் போதும். நிமிடத்துக்கு 50 லீட்டர் என்று வைத்தாலும் ஐந்தரை ஆறு மணித்தியாலம் எடுக்கும். அதனால் முதல் நாளே போய் இறைக்கத் தொடங்குங்கள். கடைசி நாலு அங்குலத்தை மோட்டார் எடுக்காது, வாளியும் துடைப்பமும்தான். தண்ணி முழுக்கப் போகுமுன் காலைக் கழற்ற வேண்டாம். மீதித் தண்ணி ஒரு பக்கம் ஓடி, சுவர் சரிந்து, குழாயை வளைத்துவிடும்.

ஊசிகள் இறுகியிருந்தால் அடிக்காதீர்கள். தேங்காயெண்ணெய் விட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து திருப்பிப் பாருங்கள். ரப்பர்ச் சுத்தியல் இல்லாவிட்டால் மரக்கட்டை. ஒவ்வொரு மூட்டுக்கும் அது பிரிந்த குழாய்க்கும் மாக்கரால் ஒரே இலக்கம் போடுங்கள். புதிசில் எந்தக் குழாயும் எந்த மூட்டுக்கும் போகும். மூன்று வருடம் ஒன்றோடொன்று துருவேறிய பிறகு தன் பழைய சோடியோடுதான் சேரும்.

விரிப்பை ஈரத்தோடு மடித்தால் பாண்டிருப்பு வருமுன்னே நாறும். காயவைத்து, இரண்டு பக்கமும் துடைத்து, பேபி பவுடர் தூவி மடியுங்கள். பட்டாவில் குழாய்கள் கீழே, விரிப்பு மேலே. கயிறு விரிப்பை நேரே அறுக்காமல் இடையில் சாக்குப் போடுங்கள். சாமானின் விபரம் எழுதி விற்றவர் கையெழுத்து வைத்த துண்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். பொத்துவிலிலிருந்து கல்முனை வரை ஏ4 வீதியில் ஆராவது மறித்து இது என்ன இரும்பு என்று கேட்டால் காட்ட உதவும்.

2025 மார்ச் 24

"கடலும் ஆறும் வீட்டு வாசலில இருக்க உங்களுக்கு என்ன கா தொட்டி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் பக்கத்து வளவுக்காரரும் இதையேதான் கேட்டார். ஆற்றில் முதலை இருக்கிறது. ஓகஸ்டில் நம்ம கடல் அமைதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு என் மனைவி கடலில் கால் நனைத்ததில்லை, பேரப்பிள்ளைகளையும் விடமாட்டா. அவவோடு வாதாட நான் தயாரில்லை. நீங்கள் வேண்டுமானால் வந்து வாதாடுங்கள்.

2025 ஏப்ரல் 5

நிலம். இந்த இழையில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

நடுவில் ஒரு தடி நட்டுக் கயிறு கட்டி, ஒன்பது அடி ஆரத்துக்கு வட்டம் கீறுங்கள். பூல் ஏழரை அடி ஆரம்தான். மிச்சம் காலுக்கும் ஆள் சுற்றி வரவும். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். நிழல் ஆசைதான், ஆனால் தேங்காய் விழுந்தால் அடித்தாள் தாங்காது. காவோலையும் பூவும் விழுந்து வடிகட்டியை அடைக்கும்.

மட்டம் பார்ப்பது கண்ணால் முடியாத வேலை. நம்ம கரைமண் கண்ணுக்குப் பாய் விரித்தது போலத் தெரியும், மேசன்மார் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணி விட்டுப் பார்த்தால் கதை வேறு. என் வளவில் வடக்கும் தெற்கும் ஒரு சாணுக்குக் கிட்ட வித்தியாசம். ஒரு கரைக்கும் மறு கரைக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், இரண்டு அங்குலம் என்பது கடைசி எல்லை. ஏனென்றால் தண்ணி தன் மட்டத்தை விடாது. தாழ்ந்த பக்கத்தில் ஆழம் கூடும், அந்தப் பக்கச் சுவரை வெளியே தள்ளும், கால்கள் சாயும், சாய்ந்த பக்கம் மணலும் அமரும், அமர்ந்தால் இன்னும் ஆழம். ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஒரு இரவில் வேலையை முடித்துவிடும்.

மேட்டைத்தான் வெட்ட வேண்டும். பள்ளத்தை மணல் கொட்டி நிரப்பக் கூடாது. எனக்கு வேலை செய்த மேசன் "ரெண்டு லோட் மணல் பறிச்சா முடிஞ்சுது ஐயா, என்னத்துக்கு வெட்டுற?" என்று முகத்தைச் சுளித்தார். கொட்டிய மணல் பதினேழு தொன்னுக்குக் கீழே அமரும், வெட்டிய நிலம் அமராது. வெட்டிய பிறகு தண்ணி அடித்து, திமிசால் இடித்து, திரும்பத் தண்ணி அடித்துக் குறைந்தது ஒரு கிழமை விடுங்கள்.

ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கொங்கிறீட் கல், இன்டர்லொக் கல் என்றாலும் சரி. கல்லின் முகம் நிலத்தோடு ஒட்ட இருக்க வேண்டும். கல்லை மேலே வைத்து அதில் காலை வைத்தால் சுவர் தூக்கிக்கொண்டு நிற்கும், அடி தொங்கும்.

இப்போது கோரை. யாழ்ப்பாணத்துக்காரரும் கொழும்புக்காரரும் எழுதியதை எல்லாம் வாசித்தேன், ஒருவரும் இதைச் சொல்லவில்லை. கோரைப்புல்லின் முளை பிளாஸ்டிக் தாளைக் குத்திக்கொண்டு மேலே வரும். மிகைப்படுத்தவில்லை. பூலின் அடித்தாள் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மேலே புல்லைச் செருக்கிவிட்டால் போதாது, கீழே கிழங்கு இருக்கும், நல்ல ஈரமும் சூடும் கிடைத்தால் கிளம்பும். அரை அடிக்கு மேல் ஆழமாக மண்ணைக் கிளறி, மேசன் மணல் அரிக்கும் அரிதட்டில் அரித்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். அலுப்பான வேலை. பொறுக்கியதைக் குப்பைக்குள் எறியாமல் எரித்துவிடுங்கள்.

அதற்கு மேலே நான் போட்டது: அரித்த மணல் இரண்டு அங்குலம், பழைய ரெஜிபோம் (வெள்ளை நுரை) தகடுகள், அதற்கு மேல் பிளெக்ஸ் பேனர் இரண்டு மடிப்பு. பேனர் தேர்தலுக்குக் கட்டியது, சும்மா கிடைத்தது. அபேட்சகர் மேல்நோக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு மேலே பதினேழு தொன்.

2025 ஏப்ரல் 6

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: மணலை விடக் கல்லுடைக்கும் ஆலையின் தூள் நல்லது, இறுகி நிற்கும் என்று. ஆம், இறுகும். விளிம்பில் கால் பதியும் வளையத்துக்கு அதைப் போடலாம், அந்த அளவுக்கு நான் நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் நடுவில் வேண்டாம். தூளுக்குள் சல்லி முனைகள் இருக்கும்.

கடல் மணலும் வேண்டாம். சிப்பி ஓடு, சங்குத் துண்டு. அரித்தாலும் உடைந்த சிறு துண்டு அரிதட்டின் கண்ணுக்குள்ளால் வரும். உப்பும் காலைத் தின்னும். ஆற்று மணல்தான்.

2025 ஏப்ரல் 20

படுவான்கரையிலிருந்து (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) ஒரு நண்பர்: "எங்கட பக்கம் போட்டா யானை வந்து குடிக்குமே, என்ன செய்யலாம்?"

குடித்துவிட்டுப் போனால் அதிர்ஷ்டம். உங்கள் பக்கம் போட வேண்டாம், சீரியசாகச் சொல்கிறேன். வரண்ட காலத்தில் வாசலில் பதினேழாயிரம் லீட்டர் தண்ணி வைத்துவிட்டு யானையைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் யானை இல்லை, கட்டாக்காலி மாடு இருக்கிறது. இரவில் வந்து சுவரில் உடம்பைத் தேய்க்கும். கொம்பு பட்டால் சுவர்ப் பக்கமும் கிழியும். வேலி அடைப்பது முதல் வேலை, பிறகுதான் பூல். பிள்ளைகளுக்காகவும் அந்த வேலி வேண்டும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

2025 மே 18

தம்பி நிலம் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, என்னுடையதை விட அவருடைய மட்டம் நல்லாயிருக்கிறது.

விரிப்பை வெயிலில் விரித்து இளக விடுங்கள். மடிந்த இடங்கள் விறைத்திருக்கும். பிள்ளைகளைச் செருப்போடு ஏறவிடாதீர்கள். உச்சி வெயிலில் நாலு பேர் அடிப்பக்கத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, ஒருவர் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டை இருந்தால் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். உடனே பேனையால் சுற்றுங்கள். சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷன் இதில் பிடிக்காது. தண்ணிக் குழாய் ஒட்டும் பிவிசி கம் காய்ந்து விறைத்து வெடிக்கும். லொறித் தறப்பாள் ஒட்டுகிற கடையில் வளையக்கூடிய பசை கேளுங்கள். ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலை உரியும்.

சட்டம் பூட்டி முதல் ஒரு அங்குலம் தண்ணி விட்டதும் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிச் சுருக்கை எல்லாம் காலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுங்கள். பிறகு முடியாது. அரை அடியில் ஒருமுறை, முழங்காலளவில் ஒருமுறை காலெல்லாம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் தண்ணியை வெளியே விட்டுவிட்டுத் திரும்ப மட்டம் பாருங்கள். "கொஞ்சம்தானே" என்று மேலே நிரப்பியவர்களின் வீடியோ இணையத்தில் நிறைய இருக்கிறது, பார்த்துச் சிரிக்கலாம்.

தண்ணி எங்கேயிருந்து? பைப் தண்ணி என்றால் யூனிட் என்பது 1,000 லீட்டர், ஆகவே பதினேழு யூனிட். பாவனை கூடக் கூட யூனிட் விலையும் கூடுகிற பில் நமக்கு. மீட்டர் வாசிக்க வருகிற நாளுக்கு முதல் பாதியும் வாசித்துவிட்டுப் போனபின் பாதியும் நிரப்பினால் மேல் படிக்குப் போகாமல் தப்பலாம். பவுசர் (தண்ணி லொறி) என்றால் 5,000 லீட்டர் பவுசர் மூன்று வந்தும் காணாது.

கிணறு என்றால் அவதானம். நம்ம கடலோர எழுவான்கரை மணலுக்குள் நல்ல தண்ணி ஒரு மெல்லிய படைதான், அதற்குக் கீழே உப்புத் தண்ணி. ஒரே மூச்சில் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலேறி வரும், உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும் கரிக்கும். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, திரும்ப இறைத்து, நாட்கணக்கில் நிரப்புங்கள். பூலுக்காகப் பக்கத்து வீட்டாரோடு பகை வேண்டாம்.

2025 மே 20

முந்தாநாள் எழுதியதோடு சேர்த்து வாசிக்க: கிணற்றுத் தண்ணி என்றால் நிரப்புமுன் ஒரு வெள்ளை வாளியில் எடுத்து ஒரு சிட்டிகை குளோரின் பவுடர் போட்டுப் பாருங்கள். தேத்தண்ணி நிறம் வந்தால் இரும்பு இருக்கிறது. கிணற்றில் பார்க்கத் தெளிவாக இருக்கும், குளோரின் பட்டதும் இரும்பு துருவாகிப் பிரிந்து நிறம் காட்டும். இதை வாளியில் பார்ப்பது நல்லது, பதினேழு தொன்னில் பார்ப்பதை விட.

அப்படி என்றால் என்ன செய்வது? ஒன்று, வேறு தண்ணி. இரண்டு, நிரப்பிக் குளோரின் போட்டுத் துருவைப் பிரியவிட்டு வடிகட்டிப் பிடிப்பது. தலையணைக்குள் இருக்கிற பொலியெஸ்டர் பஞ்சை வடிகட்டியின் தாளைச் சுற்றி வைத்தால் துரு அதில் அப்பிக்கொள்ளும். அடிக்கடி மாற்ற வேண்டும். என் வீட்டில் இரண்டு தலையணை இப்போது மெல்லிசாக இருக்கிறது, காரணம் கேட்பதில்லை.

2025 ஜூன் 8

குளோரின். கடையில் இரண்டு வகைப் பவுடர் வரும். கிணறுகளுக்குப் போடுகிற 65 சதவீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் ஒன்று, 30 சதவீதம் வருகிற பிளீச்சிங் பவுடர் மற்றது. பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் சுண்ணாம்புச் சேறு அடியில் தங்கும். 16,800 லீட்டரில் ஒரு பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) ஏற்ற முதலாவது வகையில் ஏறக்குறைய 26 கிராம் வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம்முக்குள் வைத்திருந்தால் போதும். சமையலறைத் தராசில் நிறுங்கள், ஆனால் அந்தத் தராசைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வாளியில் முதலில் தண்ணி, பிறகு பவுடர். கரைத்துத் தெளிய விட்டுத் தெளிந்ததை ஊற்றுங்கள். பவுடரை அப்படியே பூலுக்குள் எறிந்தால் விழுந்த இடத்தில் நீல நிறம் வெளுக்கும், தாள் மொரமொரக்கும்.

தண்ணியின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில். இந்தப் பவுடர் பிஎச்சை மெல்ல மெல்ல மேலே தூக்கும். மேலே போனால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. சோதிக்கும் சொட்டு மருந்து மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள்.

2025 ஜூன் 9

நேற்று நேரம் சொல்லவில்லை. பொழுதுபட்ட பிறகு போடுங்கள். நம்ம வெயிலில், வெயில் காப்பு மருந்து கலக்காத குளோரின் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதியாகிவிடும். காலையில் போட்டுவிட்டுப் பின்னேரம் பூல் பச்சையாகிறது என்று பவுடரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, இது முக்கியம். பூலுக்கென்று வருகிற வெள்ளை வில்லைகள் வேறு இரசாயனம். இந்தப் பவுடரையும் அந்த வில்லையையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கூடக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அசிட்டோடும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

2025 ஜூலை 13

பிள்ளைகள் வருமுன் இதை எழுதிவிட வேண்டும்.

பம்புக்கு எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்லுக்குள்ளால் இழுக்காதீர்கள். பிளக் பூலிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, மழை படாத இடத்தில். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக மட்டும். மாதத்துக்கு ஒருமுறை அதில் இருக்கிற சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழவில்லை என்றால் அது சுவரில் இருக்கிற அலங்காரம். எர்த் கம்பியையும் வயரிங் செய்பவரிடம் காட்டுங்கள். கச்சான் (வரண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் காய்ந்த மணல் கரண்டை இறக்காது. கம்பி ஈரம் தட்டும் ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணிக்குள் இருக்கும்போது பம்ப் நிற்க வேண்டும், விவாதம் கிடையாது. மணிக்கு 3,800 லீட்டர் இறைக்கிற பம்ப் என்றால் நாலரை மணித்தியாலத்தில் முழுத் தண்ணியும் ஒருமுறை சுற்றிவிடும். இரவில் ஓட்டுங்கள்.

ஏணி. குளித்து முடிந்ததும் ஏணியைத் தூக்கி வீட்டுக்குள் வையுங்கள். பூலுக்குப் பக்கத்தில் கதிரை, வாளி, உரல், ஏறக்கூடிய ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணி ஒரு மீட்டர்தான், நாலு வயதுப் பிள்ளைக்கு அது மூக்குக்கு மேல். மூடுகிற விரிப்பு பாதுகாப்பல்ல, அதில் ஏறினால் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். ஆராவது ஒரு பெரியவர், கைபேசி இல்லாமல், கரையில் இருக்க வேண்டும். லண்டன் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமே என்று உங்கள் அண்ணன் சொல்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள் தம்பி, அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைகீழாகக் குதிப்பது கூடாது. மச்சான்மாருக்கும் சேர்த்து.

2025 ஓகஸ்ட் 10

"ஒவ்வொரு நாளும் தண்ணி குறையுது, ஓட்டையா, கச்சானா?" என்று தம்பி கேட்கிறார்.

இரண்டுமாக இருக்கலாம். இந்தப் பூலின் மேற்பரப்பு பதினாறு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கச்சான் காற்றில் ஒரு நாளில் ஆறு மில்லிமீட்டர் ஆவியானால் 100 லீட்டர் போயிற்று, ஓட்டையே இல்லாமல். கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். வாளியில் தண்ணி நிரப்பி, பாரத்துக்கு உள்ளே ஒரு கல் வைத்து, பூலுக்குள்ளே ஏணிப் படியில் நிறுத்துங்கள். வாளியின் உள்மட்டத்தையும் பூலின் மட்டத்தையும் குறியிட்டு, ஆரும் குளிக்காத ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கச்சான். பூல் கூட இறங்கினால் ஓட்டை.

முதலில் மூட்டுகளைப் பாருங்கள்: பம்ப் குழாய் இறுக்கும் வளையம், வெளியேற்றும் மூடி. முக்கால்வாசி அங்கேதான் கசியும். அடியில் என்றால் பூலைச் சுற்றி மணலில் எந்தப் பக்கம் ஈரம் என்று காலையில் வெயில் ஏறுமுன் பாருங்கள்.

2025 ஓகஸ்ட் 12

ஓட்டைதானாம். தெற்குக் கரையில், அடித்தாளில். கிழங்கு. ஒன்று தப்பிவிட்டது. அவருடைய படத்தில் பச்சை முனை தண்ணிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதை உள்ளேயிருந்து இழுக்க வேண்டாம், ஓட்டை பெருக்கும். முனையைக் கத்தரித்துவிட்டுத் தண்ணிக்குள்ளேயே ஒட்டுகிற துண்டை அழுத்தி, மேலே ஒரு கல்லை ஒரு நாள் வைக்கட்டும். விருந்தாளிகள் போகும் வரை தாங்கும். மிச்சத்தை இறக்கும்போது பார்க்கலாம்.

2025 ஓகஸ்ட் 31

பிள்ளைகள் போய்விட்டார்கள், பூல் அதன்பாட்டில் கிடக்கிறது என்கிறார் தம்பி. அங்கேதான் கவனம். ஆரும் குளிக்காவிட்டாலும் குளோரினும் பம்பும் நிற்கக் கூடாது. நிறுத்தினால் ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பு பறக்கும். டெங்கு நுளம்புக்குப் பிடித்தது அசையாத நல்ல தண்ணிதான். நுளம்பு பெருகும் இடங்களைத் தடுக்கிற 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வளவுக்குள் குடம்பி கண்டால் வழக்குப் போடலாம். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எட்டிப் பார்த்தபோது என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தா, அவர் தேநீரைக் கையில் பிடித்தபடி பூல் மூடியின் பள்ளத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணியைத்தான் பார்த்தார். பூலை அல்ல. மூடிக்கு மேலே தேங்குவதையும் தட்டி ஊற்றுங்கள்.

திலாப்பியா விடலாமா என்று ஒருவர். குளோரின் முழுக்கப் போன பிறகு விடலாம், பிறகு அது பூல் அல்ல. திரும்பக் கழுவி எடுக்கிற ஆள் நானில்லை.

2025 ஒக்டோபர் 5

மழைக்கு முன் இறக்குவதா, அப்படியே விடுவதா?

மேட்டு வளவு என்றால் நிரப்பியே விடலாம். மழைத் தண்ணி குளோரினை ஐதாக்கிவிடும், அதற்கேற்பப் போட வேண்டும். தாழ்ந்த வளவு என்றால் இப்போதே இறக்குங்கள். நவம்பரில் மணலுக்குள் தண்ணி மேலே வரும். அந்த நேரம் பூல் பாதி வெறுமையாக இருந்தால் அடித்தாள் மிதந்து மேலே எழும்பும், கீழே போட்ட மணல் எல்லாம் ஓடிவிடும். போன வருடம் நவம்பர் கடைசி வெள்ளத்தில் நான் நிரப்பித்தான் வைத்திருந்தேன். நின்றது, ஆனால் சேறு சுவரில் இரண்டு அடிக்கு அப்பியிருந்தது. இந்த வருடம் நானும் இறக்குகிறேன். வெறுஞ்சட்டத்தை மட்டும் நிற்க விடாதீர்கள், காற்றுக்கு அது பாய்மரம்.

குளோரின் போடுவதை நிறுத்தி நாலைந்து நாள் வெயிலில் விட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தண்ணியைத் தென்னைக்கு விடுங்கள். கிணற்றடியில் விட வேண்டாம்.

விரிப்பைக் காயவைத்துப் பவுடர் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாவுக்குள். சாக்கில் கட்டிக் கொட்டிலில் போட்டால் எலி ஒரே ஓட்டையால் எல்லா மடிப்பையும் கடந்துபோகும், விரித்துப் பார்த்தால் வரிசையாகத் துளை. குழாய்களுக்கு உள்ளேயும் எண்ணெய்த் துணி விட்டு இழுத்துக் கூரை வளையில் கட்டுங்கள்.

இறக்கிய வட்டத்தை அப்படியே விட்டால் மாசிக்குள் கோரை மூடிவிடும். பேனரைத் திரும்ப விரித்து, விளிம்பில் கல் வைத்துவிடுங்கள். தம்பி அந்தத் தெற்குக் கரையை இன்னொரு தரம் அரிக்கட்டும்.

என்னுடையதை விற்பீர்களா என்று தனிமடலில் கேட்டவருக்கு: இல்லை. பம்ப் ஒன்று மேலதிகமாக இருக்கிறது, சத்தம் போடும், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வேறு எங்கேயாவது பார்ப்பதென்றால் மழைக்குள்ளேயே பாருங்கள், விடுதிக்காரர் அப்போதுதான் விலை குறைப்பார்கள். வாங்கினாலும் தை மாசிக்குப் பிறகு, நிலத்துத் தண்ணி இறங்கின பிறகு மட்டம் பார்க்கத் தொடங்குங்கள்.